தண்ணீர் போன வழி

யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடையில் ஏ9 வீதி 321 கிலோமீற்றர். வடக்கிலிருந்து வருகிற வண்டிக்கு அதில் பெரும்பகுதி சோதனை இல்லாத தரை. ஆனையிறவின் உப்பு வெளி, வன்னிக் காடு, அநுராதபுர மாவட்டத்துக் குளங்கள் எல்லாம் தட்டையாகவே கடந்துபோகும். தம்புள்ளை தாண்டி நாவுல வந்த பிறகுதான் மலைநாட்டுக்குள் நுழைகிறோம் என்பது காருக்குத் தெரியவரும். அங்கிருந்து நாலந்தா, மாத்தளை, கண்டி என்று வீதி வளைந்து வளைந்து உயர்கிறது. பழைய கார் வைத்திருக்கிறவர்கள் இந்தப் பகுதியை மறக்கமாட்டார்கள். இருநூற்றைம்பது கிலோமீற்றர் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடிவந்த எஞ்சின் இங்கேதான் ஆவி விடும்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. எரிகிற பெற்றோலின் வெப்பத்தில் கால்வாசியோ அதற்குச் சற்றுக் கூடவோதான் சில்லைச் சுழற்றப் பயன்படுகிறது. ஒரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். மிச்சத்தில் பெரும்பாலானதை, ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வெப்பத்தை, தண்ணீர்தான் சுமந்து வந்து ரேடியேற்றரில் காற்றிடம் இறக்குகிறது. தட்டைத் தரையில் அறுபதில் ஓடும்போது எதிர்க்காற்று தாராளம். அரை லிட்டர் குறைந்திருந்தாலும் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கியதும் எஞ்சின் கூடுதலாக எரிக்கும், கார் மெதுவாக ஊரும், காற்றும் குறையும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தொடங்கிய ஒழுக்கு தன்னைக் காட்டிக்கொடுப்பது நாலந்தா ஏற்றத்தில்தான்.

நான் சொல்ல எடுத்த கார் மொறிஸ் மைனர். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது, அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்தது. 1960 டிசம்பரில் பத்து லட்சமாவது மைனர் தயாரானது. இலங்கையில் அது வாத்தியார்மாரின் கார், டொக்டர்மாரின் கார், பிறகு வாடகைக் கார். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகியவற்றோடு சேர்ந்து இன்றைக்கும் ஒழுங்கைகளில் ஓடித் திரிகிறது. அந்தக் கார்கள் பிழைத்திருப்பதற்குப் பின்னால் ஒரு கொடிய காலம் இருக்கிறது. 1990க்குப் பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. புதுக் கார்கள் கொட்டிலுக்குள் கிடந்து துருப்பிடித்தன. பழைய கார்களோ சில துளி பெற்றோலில் உயிர் பெற்று, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடின. மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாக எஞ்சின் சூடாகவே இருக்கவேண்டும். அந்த நாட்களில் தண்ணீரின் வேலை குளிர்விப்பது மட்டுமாக இருக்கவில்லை. சூட்டை ஒரே அளவில் பிடித்து வைப்பதும் அதன் வேலையாயிற்று. கர்ப்பிணிகளையும் காயம்பட்டவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை இந்தக் கார்கள்தான். அவற்றின் வெடித்த ஹோஸ்களைச் சைக்கிள் ரியூப் வெட்டிச் சுற்றிக் கட்டிய கைகளை நான் பெரிய கைகளாகவே நினைக்கிறேன்.

தடை போனது. 2002இல் ஏ9 திறந்தது, 2006இல் மூடியது, 2009க்குப் பிறகு மறுபடி திறந்தது. 2020 மார்ச்சில் நாடு முழுவதற்கும் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட வருடங்களில் வடக்கு ஒரு காலத்தில் கற்றதைத் தெற்கும் கற்றது: இருக்கிற காரை ஓடவைப்பது எப்படி என்று. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் தேடி அலையாத கார்க்காரர் அந்த நாட்களில் குறைவு.

என் சித்தப்பாவின் மைனர் நாலந்தாவில் நின்றது இந்தக் காலத்தில்தான். 1098 சிசி எஞ்சின். போனற்றின் இடுக்குகளால் ஆவி வந்தது. சித்தப்பா அவசரப்படவில்லை. எஞ்சினை நிறுத்தி, போனற்றைத் திறந்து வைத்துவிட்டு, வீதியோரத்து மரத்தடியில் போய் இருந்தார். ரேடியேற்றர் மூடியில் கை வைக்கவில்லை. அந்த மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அதனால் உள்ளே தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 110 வரை தாக்குப்பிடிக்கும். சூட்டோடு மூடியைத் திருகினால் அழுத்தம் ஒரே கணத்தில் விழும், தண்ணீர் முழுவதும் கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும். அப்படி வெந்த முகங்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். பச்சைத் தண்ணீரை அள்ளி எஞ்சின் மேல் ஊற்றுவது அடுத்த கொடுமை. சூடேறிய வார்ப்பிரும்பு ஒரு பக்கம் மட்டும் திடீரெனச் சுருங்கினால் வெடிக்கும். வெடித்த புளொக்கை ஒட்டவைக்க எந்தப் பசையும் இல்லை. பழைய எஞ்சினுக்குச் செய்யக்கூடிய முதல் வைத்தியம் அதை ஆற விடுவதுதான்.

ஆறும்வரை நான் கெடிகே பார்க்க நடந்தேன். பிரதான வீதியிலிருந்து கொஞ்சத் தூரம்தான். நாலந்தா கெடிகே முழுக்கக் கல்லால் ஆன சிறிய கோயில். எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பார்கள். வடிவம் மாமல்லபுரத்துப் பல்லவக் கோயில்களின் உறவு, வழிபாடு பௌத்தம். யார் கட்டினார்கள், எந்தச் சமயத்தார் கட்டினார்கள் என்ற வழக்கைப் பலர் பேசியிருக்கிறார்கள். அன்றைக்கு என் மனம் அதில் நிற்கவில்லை. அந்தக் கோயில் இன்று நிற்கிற இடம் அதன் பழைய இடம் இல்லை என்பதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அது முன்பு கீழே வயல்வெளிக்குள் இருந்தது. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது பழைய இடம் தண்ணீருக்குள் போகும் என்றானது. ஆகவே கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் கொண்டுவந்து, மறுபடி அடுக்கினார்கள். கல் தூக்க ஆள் பலம் போதும். மறுபடி அடுக்குவதற்கு எந்தக் கல் எந்தக் கல்லைத் தாங்குகிறது என்று தெரிந்திருக்கவேண்டும். மூட்டுகளில் விரலை ஓட்டிப் பார்த்தேன். சில இடங்களில் விளிம்பு தேய்ந்திருக்கிறது, சில இடங்களில் கல்லுக்குக் கல் நிறம் மாறுகிறது. ஆனாலும் சுவர் நேராகத்தான் நிற்கிறது.

கோயிலைச் சூழ்ந்திருக்கிற அந்தத் தண்ணீரும் வேறோர் ஆற்றுத் தண்ணீர்தான். கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறக்குறைய 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் மலைக்குள் கொண்டுபோய், உக்குவெலையில் மின்சாரம் எடுத்துவிட்டு, சுது கங்கையில் விடுகிறார்கள். 1976இலிருந்து அப்படி. சுது கங்கை அம்பன் கங்கையோடு சேர்ந்து போவத்தென்னைக்கு வருகிறது. இங்கே மறுபடி பிரிவு. ஒரு பங்கு இன்னொரு சுரங்கத்தால் கலாவெவப் பக்கம் போய் அநுராதபுரத்து வயல்களுக்குப் பாய்கிறது. மற்றப் பங்கு அம்பன் கங்கை வழியே எலஹெர, மின்னேரியாப் பக்கம் இறங்குகிறது. அநுராதபுரத்தில் ஒரு வயல் காய்ந்தால் அதற்கான காரணம் கண்டிக்கு அருகில் ஒரு மதகில் இருக்கலாம். தண்ணீர்க் காரியத்தில் கண்ணுக்குத் தெரிகிற இடமும் காரணம் கிடக்கிற இடமும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் கிடையாது.

இந்த வீதிக்கு இன்னொரு தண்ணீர்க் கதையும் உண்டு. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுக்குள்ளால் நடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாகத்தான் மாத்தளைக்கு ஏறினார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் தாகத்திலும் வழிநெடுக விழுந்தார்கள். நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதே அவர்களுடைய வழித்தடத்தைத் தீர்மானித்தது. 1880இல் ரயில் மாத்தளைக்கு வந்தது தோட்டத்து விளைச்சலை இறக்க. நடந்து வந்தவர்கள் அதன் பிறகும் நடந்துதான் வந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் அந்த நடையின் முடிவில் உயிரோடு வந்து சேர்ந்தவர்களை நினைப்பேன். நாங்கள் எஞ்சினுக்குத் தண்ணீர் தேடிய அதே வீதியில் அவர்கள் நாக்குக்குத் தேடியிருக்கிறார்கள்.

நான் திரும்பி வந்தபோது சித்தப்பா ஒரு கராஜ்காரரைக் கூட்டி வந்திருந்தார். மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் அவரை "பாஸ்" என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் இளையவர் என்பதால் சித்தப்பா மட்டும் தம்பி என்றார்.

"மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் ரண்டும் போன மாசம்தான் மாத்தினனான் தம்பி. பிறகும் ஒழுகுது."

"சொட்டுற எடத்தப் பாத்து மாத்தியிருக்காங்கய்யா. தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்கல."

அவர் ஒரு சாவியையும் எடுக்கவில்லை. முதலில் எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்து அதன் உட்பக்கத்தை வழித்துப் பார்த்தார். வெண்ணெய்போல வெள்ளையாகப் படிந்திருந்தால் தண்ணீர் எண்ணெய்க்குள் போகிறது, ஹெட் கஸ்கற் போய்விட்டது என்று அர்த்தம். இந்த எஞ்சினில் கஸ்கற் போனால் அநேகமாக நடுவிலுள்ள இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையில்தான் போகும். எண்ணெய் சுத்தமாக இருந்தது. அடுத்து, ஆறிய ரேடியேற்றரில் தண்ணீர் நிரப்பி, மூடாமல் எஞ்சினை எழுப்பி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். விடாமல் குமிழி வந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் நுழைகிறது. அதுவும் இல்லை. பிறகு தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய ரேடியேற்றர் மூடியை எடுத்தார். நடுவில் துளை போட்டு, சைக்கிள் ரியூபின் வால்வைப் பொருத்தியிருந்தது. அதை மாட்டி, எஞ்சினை நிறுத்தி, சைக்கிள் பம்பால் இரண்டு மூன்று தரம் காற்று அடித்தார். ஓடுகிற எஞ்சினில் ஃபான் தண்ணீரை அடித்து எல்லாப் பக்கமும் தெளித்துவிடும். எல்லாமே நனைந்திருக்கும், ஒன்றும் தெரியாது. நிற்கிற எஞ்சினில் அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் வருகிற இடத்திலிருந்து மட்டும் வரும்.

டோர்ச்சைப் பிடித்தபடி என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். எஞ்சினின் அடியில், ரேடியேற்றரின் கீழ் ஹோசுக்குப் பக்கத்தில் துளி விழுந்துகொண்டிருந்தது. அந்தத் துளியிலிருந்து மேலே, இரும்பின் மேல் ஒரு கோடு போயிற்று. நடுவில் துருவின் செம்பழுப்பு, இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்பின் வெள்ளை. மாதக்கணக்காகத் தண்ணீர் இறங்கி, காய்ந்து, மறுபடி இறங்கி எழுதிய கோடு. அது வோட்டர் பம்பின் ஓரத்தைச் சுற்றி மேலே ஏறி, தேர்மோஸ்டற் கூட்டுக்குக் கீழே, பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் செருகியிருந்த ஒரு குட்டி ஹோசில் போய் முடிந்தது. கட்டைவிரல் நீளம்கூட இராது. அதன் பின்பக்கத்தில், கிளிப்புக்கு அருகில், ரப்பர் நெடுக வெடித்திருந்தது. அழுத்தம் இருக்கும்போது மட்டும் அந்த வாய் திறந்து மூடியது.

பைபாஸ் ஹோஸ் என்று பெயர். மொறிஸ் மைனர்க்காரர்கள் அதன் பேரைக் கேட்டாலே பெருமூச்சு விடுவார்கள். ஏன் அது அங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு. எஞ்சின் குளிராக இருக்கும்போது தேர்மோஸ்டற் மூடியிருக்கும். ஏறக்குறைய 80 பாகை வந்த பிறகே திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும். அதுவரை பம்ப் தள்ளுகிற தண்ணீர் எங்கே போவது? ஹெட்டிலிருந்து இந்தக் குட்டிக் குழாயால் பம்புக்கே திரும்பி, எஞ்சினுக்குள்ளேயே சுற்றி, எல்லாப் பக்கத்தையும் சமமாகச் சூடாக்கும். 1948இல் வந்த முதல் மைனரில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. அதில் வோட்டர் பம்பே இல்லை. சூடான தண்ணீர் இலேசாகி மேலே போகும், ஆறியது கனத்துக் கீழே வரும், அந்த ஓட்டமே போதுமாயிருந்தது. பிறகு வலுக்கூடிய எஞ்சின்கள் வந்தன, பம்ப் வந்தது, அதோடு இந்த ஹோசும் வந்தது.

மாற்றுவதில்தான் கஷ்டம். இரண்டு முனையும் அசையாத இரும்பில் இருக்கிறது, இடைவெளியோ மிகக் குறுகல். முறையாகச் செய்வதென்றால் தண்ணீரை வடித்து, ரேடியேற்றரை வெளியே எடுத்து, பெல்ற்றையும் ஃபானையும் கழற்றி, பம்பின் நான்கு போல்ற்றுகளை இளக்கி, பம்பையே இறக்கவேண்டும். பம்பை இறக்காமல் நெருக்கி நுழைக்கவென்று மடிப்பு மடிப்பான ஹோஸ் ஒன்றும் விற்பார்கள். பாஸ் அதை விரும்பவில்லை. மடிப்பு இருக்கிற இடமெல்லாம் சீக்கிரம் வெடிக்கும் என்றார். அவர் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். பம்பைக் கழற்றினால் அதன் பெயரிங்கைக் கையால் ஆட்டிப் பார்க்கலாம், கஸ்கற்றைப் புதிதாக வைக்கலாம், பின்னால் ஹெட்டின் வாயில் துரு தின்றிருக்கிறதா என்றும் தெரியும். கூடச் செலவாகும் அந்த நேரம் வீண் போகாது.

முன்பு ஹோஸ் மாற்றிய கராஜில் ஒழுக்கு அடைக்கிற பொடி ஒன்றையும் ரேடியேற்றருக்குள் போட்டிருந்தார்கள். நடுக்காட்டில் நிற்கும்போது வீடு வந்துசேர அது உதவும், மறுக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லாதபோது மஞ்சள்தூள் போட்டு ஊர் வந்தவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் ஒழுக்கை அடைக்கிற பொருளுக்கு ஒழுக்கு எது, வழி எது என்று தெரியாது. வெடிப்பில் படிவதுபோலவே ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். இன்றைக்குச் சொட்டு நிற்கும். அடுத்த மாதம் எஞ்சின் கொதிக்கும். அதைத் திருத்தம் என்று சொல்லிக் காசு வாங்குவதை என்னால் ஏற்க முடியாது. பாஸ் புளொக்கின் பக்கத்திலுள்ள வடிகுழாயைத் திறந்தபோது தண்ணீர் வரவில்லை. கம்பியால் குத்திய பிறகு செஞ்சேறும் வெள்ளைத் துகளும் அந்தப் பொடியும் சேர்ந்த குழம்பு வெளியே வந்தது.

வெள்ளைத் துகள் யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் கொடை. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் தண்ணீர் கேத்தலில் விடுகிற அதே வெண்படிவை எஞ்சினுக்குள்ளும் விடும். படிவு ஏறினால் தண்ணீர் இருந்தும் சூடு இறங்காது. கூலன்ற் திரவத்தைக் குளிர்நாட்டுச் சாமான் என்று நம்மவர்கள் ஒதுக்குகிறார்கள். இங்கே உறைபனி இல்லைதான். ஆனால் அந்தத் திரவத்தில் துருவைத் தடுக்கிற மருந்தும் இருக்கிறது, கொதிநிலையும் உயரும். வடிகட்டிய நீரோடு கலந்து ஊற்றினால் பழைய வார்ப்பிரும்பு நெடுங்காலம் நிற்கும். ஒரு எச்சரிக்கை: அது இனிக்கும், கடும் நஞ்சு. வடித்ததை நிலத்தில் விட்டால் நாய் நக்கிச் சாகும், சிறு பிள்ளைகளுக்கும் ஆபத்து. பாஸ் வடித்ததையெல்லாம் வாயகன்ற கானில் பிடித்து மூடி வைத்தார்.

ரேடியேற்றர் பித்தளையும் செம்பும் என்பதால் கழற்றிக் கழுவி, இளகியிருந்த ஒரு மூட்டுக்கு ஈயம் வைக்க முடிந்தது. இப்போது வருகிறவற்றில் அலுமினியத்தின் இரு தலைப்பிலும் பிளாஸ்ரிக் தொட்டி நெரித்துப் பொருத்தியிருக்கும். வெடித்தால் முழுதாக மாற்றுவதுதான். புதிய கார்களை நான் குறை சொல்ல வரவில்லை. பிரியஸில் எஞ்சினுக்கு ஒரு தண்ணீர்ச் சுற்று, இன்வேர்ட்டருக்குத் தனியாக இன்னொன்று. 2009க்குப் பிறகு வந்ததில் பம்பே மின்சாரத்தில் சுழலும். பாஸ் அவற்றையும் திருத்துகிறார், அதற்குரிய கணினிக் கருவியும் வைத்திருக்கிறார். எந்தக் கார் வந்தாலும் முதலில் தண்ணீரின் சுற்றைக் கடதாசியில் கீறிக் காட்டச் சொல்லித்தான் தன்னிடம் வேலை பழகுகிற பொடியனைக் கேட்பாராம். கருவி காட்டுகிற இலக்கத்தை வைத்துப் பாகம் மாற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வேலை தெரிந்தவர்கள் வளைகுடாவுக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பொடியன் இங்கேயே நிற்கவேண்டும், அவனுக்கு இந்தத் தொழிலில் மரியாதையான வருமானம் கிடைக்கவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

சார்ள்ஸ் வெயர் என்ற ஆங்கிலேயர் மைனர்களைக் குப்பையில் போடாமல் தலைமுறைக்கும் ஓட்டலாம் என்று 1980களிலேயே எழுதினார். பிறகு இலங்கையில் ஒரு பட்டறையோடு சேர்ந்து மைனரின் தகடுகளை இங்கேயே செய்வித்தார். இங்கிலாந்துக் காருக்கு இங்கிலாந்திலேயே கிடைக்காத பாகத்தை நம்முடைய தகட்டுத் தொழிலாளர்கள் அடித்து அனுப்பினார்கள். இறக்குமதி நின்றபோது நமக்கு என்ன இல்லை என்பதையே பேசிக்கொண்டிருந்தோம். இந்தக் கைகள் இருக்கின்றன என்பதைப் போதுமான அளவு பேசவில்லை.

பின்னேரம் பம்பைப் புதுக் கஸ்கற்றோடு மாட்டினார்கள். நேரான, தடித்த ஹோஸ். கிளிப்பின் திருகு மேல்பக்கம் பார்க்கும்படி வைத்தார், அடுத்த முறை இறுக்குகிறவருக்குக் கை போகவேண்டும் என்று. தண்ணீரை மெதுவாக ஊற்றி, காற்று வெளியேற ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து நிரப்பினார். ஐந்தரை லிட்டர் பிடிக்கவேண்டியதில் ஏறக்குறைய அவ்வளவும் உள்ளே போனது. கழுவுவதற்கு முன் அவ்வளவு போயிராது. எஞ்சினை எழுப்பி, தேர்மோஸ்டற் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை கையை அதிலேயே வைத்திருந்தார். பிறகு மறுபடி டோர்ச் அடித்துப் பார்த்தார். குட்டி ஹோசைச் சுற்றி விரலால் தடவி, விரலைச் சித்தப்பாவிடம் நீட்டினார். காய்ந்திருந்தது.

"கண்டி போய் ராத்திரி ஆற விடுங்கய்யா. காலையில எஞ்சின எழுப்புறதுக்கு முன்ன மூடியத் தொறந்து தண்ணி பாருங்க, அந்தக் கிளிப்ப அரைச்சுத்து இறுக்குங்க. புது ரப்பர், ஒரு சூட்டுல அமுங்கும்."

சித்தப்பா திருகுச் சாவியைக் காரின் முன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.